நடந்ததை முதலில் நீங்கள் எழுதுங்கள்

வக்கீலான என்னிடம் வரும் கட்சிக்காரர்களில் பலர் இப்போது மனுவைத் தயாராகவே கொண்டுவருகிறார்கள். சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற ஏஐ செயலியில் எழுதி வாங்கிய மனு. எழுத்துப்பிழை இருக்காது, பத்தி பிரித்து அழகாக இருக்கும். ஆனால் படித்து முடித்ததும் என்ன நடந்தது, எப்போது நடந்தது, இவருக்கு என்ன வேண்டும் என்று முதலிலிருந்து கேட்க வேண்டியிருக்கிறது. காவல் நிலையத்திலோ தாலுகா ஆபீசிலோ அதே மனுவைப் படிப்பவருக்கு அப்படி உட்கார்ந்து கேட்க நேரம் இருக்காது.

வீட்டு அட்வான்ஸ் திரும்பக் கிடைக்காத ஒரு பெண் கொண்டுவந்த மனுவில் இப்படி ஒரு வரி: "பலமுறை நேரிலும், தொலைபேசியிலும், எழுத்து மூலமாகவும் கேட்டும் எதிர்மனுதாரர் திட்டமிட்டு ஏமாற்றி வருகிறார்." விசாரித்தால், போனில் இரண்டு தடவை கேட்டிருக்கிறார், நேரில் ஒரு தடவை போயிருக்கிறார். எழுத்தில் எதுவும் கேட்கவே இல்லை. அந்த வார்த்தையைச் செயலி தானாகச் சேர்த்திருக்கிறது. வழக்கு என்று வந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் "அந்தக் கடிதம் எங்கேம்மா?" என்றுதான் ஆரம்பிப்பார். கடிதம் இல்லை என்றதும், அந்தப் பெண் உண்மையாகவே கொடுத்த பணத்தின் மீதும் சந்தேகம் விழும். கையெழுத்து அவருடையது என்பதால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான்.

சரி, மனுவில் இல்லாதது என்ன? அட்வான்ஸ் ஜிபேயில் போன தேதி. காலி செய்த நாள். சாவியை யார் கையில் கொடுத்தார் என்பது. முக்கியமாக, சாவியை வாங்கும்போது வீட்டுக்காரர் சொன்னது: "பெயின்ட் அடிச்ச செலவு போக மிச்சத்தைத் தர்றேம்மா." அட்வான்ஸ் தன்னிடம் இருப்பதை அவரே ஒப்புக்கொண்ட வார்த்தை அது. மனுவுக்கே உயிரான அந்த வாக்கியத்தைச் செயலி கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் மனு எழுதித் தருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். பேனாவை எடுக்கும் முன் அவர்கள் கேட்கும் கேள்விகள்: எந்தக் கிராமம், சர்வே நம்பர் என்ன, பட்டா யார் பேரில் இருக்கிறது, இதற்கு முன்னால் மனு கொடுத்தீர்களா, ரசீது இருக்கிறதா? செயலி பெரும்பாலும் கேட்பதில்லை. இரண்டு வரி கொடுத்தால் இரண்டு பக்கம் தந்துவிடும், இடைவெளிகளைப் பொதுவான வாக்கியங்களால் நிரப்பிவிடும். ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

சட்டப் பிரிவுகளிலும் இதே சிக்கல். 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. மோசடிக்கு இப்போது பிரிவு 318. செயலி எழுதித் தரும் புகார்களில் இன்னும் பழைய சட்டத்தின் 420 வருகிறது. வாடகை விஷயத்தில் 2021ஆம் ஆண்டு மாதிரி வாடகைச் சட்டத்தைக் காட்டி, அட்வான்ஸ் இரண்டு மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று எழுதிவிடுகிறது. அது மத்திய அரசு கொடுத்த மாதிரி மட்டுமே. தமிழ்நாட்டில் நடப்பில் இருப்பது 2017ஆம் ஆண்டுச் சட்டம், அதன் வரம்பு வேறு. காவல் நிலையப் புகாரில் பிரிவு எண்ணே தேவையில்லை, நடந்ததை எழுதினால் போதும்.

வக்கீல்களும் இதில் சிக்கியிருக்கிறார்கள். 2023இல் நியூயார்க்கில், அவியாங்கா விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டினார்கள். அப்படித் தீர்ப்புகளே கிடையாது. இவை உண்மையா என்று அதே செயலியிடம் கேட்டபோது, உண்மைதான் என்றது. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது.

தகவல் உரிமை மனுவில் செயலிக்குப் பிடித்த சொல் 'ஏன்'. எங்கள் தெரு ரோடு ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டால் பொதுத் தகவல் அலுவலர் பதில் சொல்லத் தேவையில்லை. கையில் உள்ள ஆவணத்தைக் கொடுப்பதுதான் அவர் கடமை. 2011இல் ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைத் தெளிவுபடுத்திவிட்டது. அந்த ரோட்டு வேலையின் ஒர்க் ஆர்டர் நகல், எம் புக் (வேலையை அளந்து பதியும் புத்தகம்) நகல், பில் நகல் என்று கேளுங்கள். பத்து ரூபாய் மனுக் கட்டணமும் நகல் கட்டணமும் கட்டி அவை வந்து சேர்ந்தால், 'ஏன்' என்பதற்கான பதில் அவற்றிலேயே கிடைத்துவிடும்.

எனக்கு அதிகம் கவலை தருவது வாட்ஸ்அப். கைமாற்றாகக் கொடுத்த பணத்தைக் கேட்கத் தயங்குபவர்கள், செய்தியைச் செயலியிடம் எழுதி வாங்கி அப்படியே அனுப்புகிறார்கள். "உங்கள் சூழ்நிலையை முழுமையாகப் புரிந்துகொள்கிறேன், உங்களுக்கு வசதியான நேரத்தில் செலுத்தலாம்" என்று போகிறது. அனுப்பியவர் மனதில் இருந்ததோ இந்த மாதக் கடைசிக்குள் பணம் வேண்டும் என்பது. வாட்ஸ்அப் செய்தியும் உரிய சான்றிதழோடு நீதிமன்றத்துக்கு வரும். அவகாசம் தந்தது நீங்கள்தானே என்று எதிர்த்தரப்பு கேட்டால் என்ன சொல்வது?

செயலியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனு எழுத யாரையாவது தேடி அலைந்தவர்களுக்கு அது தைரியம் கொடுத்திருக்கிறது, அது நல்ல விஷயம். ஆனால் நடந்ததை முதலில் உங்கள் பேச்சிலேயே, தேதி வாரியாக, ஒரு தாளில் எழுதுங்கள். பிழை இருந்தால் பரவாயில்லை. அப்புறம் அதைச் செயலியிடம் கொடுத்து, எதையும் சேர்க்காமல் திருத்தித் தரச் சொல்லுங்கள், விட்டுப்போனதைக் கேள்வியாகக் கேட்கச் சொல்லுங்கள். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கு எண்ணையும் அதில் போடாதீர்கள். வந்ததை வரி வரியாகப் படித்து, நடக்காத எதையும் அடித்துவிடுங்கள். கையால் எழுதிய அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருங்கள், வக்கீலிடம் வரும்போது அதுதான் முதலில் உதவும்.

வக்கீல் கட்டணத்துக்குப் பயந்து செயலியிடம் போகிறவர்கள், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் விசாரியுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் அங்கே இலவசமாக வழக்கறிஞர் உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.