வயிற்று வீக்கத்துக்குக் கையில் எதற்குத் துளை?

"வயிற்றில்தானே டாக்டர் வீக்கம்? கையில் எதற்குத் துளை போடுகிறீர்கள்?" ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் அந்தப் பெண் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அவருடைய அப்பாவுக்கு 72 வயது, 40 ஆண்டு பீடிப் பழக்கம். இதயத்திலிருந்து கிளம்பி வயிற்றுக்குள் இறங்கும் பெரிய இரத்தக் குழாயான பெருந்தமனி, வயிற்றில் 6 சென்டிமீட்டருக்கு மேல் உப்பியிருந்தது. ஆண்களுக்கு 5.5 சென்டிமீட்டரை எட்டினாலே சரிசெய்யச் சொல்வோம். வீக்கம் சிறுநீரகங்களுக்குக் கீழே மட்டும் இருந்தால் இரு தொடை இடுக்குகள் வழியாகவே ஸ்டென்ட் (உப்பிய இடத்துக்குள் விரியும் செயற்கைக் குழாய்) வைத்துவிடலாம். 1990இல் அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸில் பரோடி என்ற மருத்துவர் தொடங்கிவைத்த வழி அது. இவருக்கோ சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் இரத்தம் பிரியும் இடமே உப்பியிருந்தது. அதற்கான ஸ்டென்டில் கீழ்நோக்கிய கிளைகள் உண்டு. அவற்றுக்குள் கம்பியை மேலிருந்து இறக்குவது எளிது. அதனால்தான் கை.

ஆபத்து வழியில் இருக்கிறது. கையிலிருந்து போகும் வழி பெருந்தமனியின் வளைவில்தான் வந்து சேர்கிறது; மூளைக்குப் போகும் இரத்தக் குழாய்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. வயதானவர்களுக்கு அங்கே, பழைய தண்ணீர்க் குழாயில் உப்பு படிந்ததுபோல், சுண்ணாம்பும் கொழுப்பும் படிந்திருக்கும். கம்பிகளை உள்ளே கொண்டுபோக நாங்கள் நுழைக்கும் உறைக்குழாய் சில சமயம் 4 மில்லிமீட்டர் அகலம். அது உரசி ஒரு துணுக்கு பெயர்ந்தாலும், அதன்மேல் இரத்தம் உறைந்தாலும் பக்கவாதம் வரலாம். உறையாமலிருக்க ஹெப்பாரின் கொடுக்கிறோம். ஆனாலும் உறைக்குழாய் உள்ளே கிடக்கும் நேரத்தைக் குறைப்பதில்தான் எனக்குக் கவனம் அதிகம்.

வலது கை வழியே போனால் வளைவையே கடக்க வேண்டும். இடது கைக் குழாய் வளைவின் கடைசிக் கிளை என்பதால் பலரும் அதைத்தான் விரும்புகிறோம். ஆனால் மூளையின் பின்பகுதிக்குப் போகும் ஒரு குழாய் அதிலிருந்துதான் பிரிகிறது. சி.டி. ஸ்கேனில் வளைவு மோசமாகத் தெரிந்தால் நான் கையைத் தொடுவதில்லை. நுனியை வளைத்துத் திருப்பக்கூடிய உறைக்குழாய்கள் வந்துவிட்டன. தொடை வழியாகவே முடிக்கப் பார்ப்பேன்.

உடனிருப்பவர்களுக்கு ஒன்று. பக்கவாதம் என்றால் வாய் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது எல்லோருக்கும் தெரியும். மூளையின் பின்பகுதி பாதிக்கப்பட்டால் இவை எதுவும் இல்லாமல் தலைசுற்றலும் இரட்டைப் பார்வையும் தள்ளாட்டமும் மட்டும் வரலாம். மயக்க மருந்தின் அசதி என்று விட்டுவிடாதீர்கள். துளை போட்ட கை மரத்துப்போனால் அது பக்கவாதமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கசிந்த இரத்தம் நரம்பை அழுத்தலாம். எதுவானாலும் அந்த நிமிடமே செவிலியரைக் கூப்பிடுங்கள். பெரிய அறுவை சிகிச்சை முடிந்த கையோடு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் போட முடியாது. கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகக் கட்டியை இழுத்தெடுக்க வேண்டுமானால் எங்களுக்கு நேரம் மிச்சம் இருக்க வேண்டும்.

பெரியவருக்கு இடது கை வழியாகவே செய்தோம். மறுநாள் காலை, "எத்தனை டாக்டர் தெரிகிறார்கள், ஐயா?" என்று கேட்டேன்.

"ஒருவர்தான். அதுவே போதும்," என்றார்.