ரோபோ ஏன் நடுக்களத்தில் நிற்கிறது? சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டம் காட்டித் தருபவை

பள்ளி மாணவர்கள் ரோபோ செய்து ஓட்டும் ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச் போட்டிக்கான புதிய ஆட்டம் ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில்தான் வெளியாகிறது. அதற்கு முன் ஜூலையிலோ ஆகஸ்டிலோ நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்துப் பள்ளி அணிகள் ஒன்றுகூடிப் பயிற்சி ஆட்டம் நடத்த வேண்டுமென்றால், போன ஆண்டு ஆட்டத்தைப் போன ஆண்டு ரோபோவை வைத்துத்தான் நடத்த முடியும். பழைய ஆட்டத்தை எதற்கு மறுபடி ஆட வேண்டும் என்று மாணவர்கள் கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். புது ஆட்டம் வந்ததும் மாறுவது பொருளைப் பிடிக்கும் கையும், தூக்கும் அமைப்பும் மட்டுமே. சக்கரத் தளம், வயரிங், பேட்டரி, ஓட்டுபவரின் பழக்கம், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே பழுது பார்க்கும் முறை ஆகியவை அப்படியே அடுத்த சீசனுக்கும் வரும். ரோபோ அசையாமல் நின்றுபோனால் காரணத்தை முதலில் தேட வேண்டியது இவற்றில்தான்.

மேசை மேல் ஓடுவதும் களத்தில் ஓடுவதும் ஒன்றல்ல. களம் 12 அடிக்கு 12 அடி. 36 ஃபோம் தட்டுகள். இரண்டு அணிகள் சேர்ந்து ஒரு கூட்டணி, எதிரில் இன்னொரு கூட்டணி. முதல் 30 நொடி ரோபோ தானாக ஓடும், பிறகு 2 நிமிடம் மாணவர்கள் ஓட்டுவார்கள். வகுப்பறையில் சோதிக்கும்போது அரை நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்துகிறோம். அந்த அரை நிமிடத்தில் மோட்டார் சூடாவதில்லை, யாரும் வந்து மோதுவதில்லை, நாலு சக்கரமும் ஒரே நேரத்தில் திணறுவதில்லை.

திணறும்போது என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். இந்தப் போட்டியில் பயன்படும் மோட்டார்களில் பல, சுழலாமல் அடைபட்டு நிற்கையில் 12 வோல்ட்டில் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். அப்படியென்றால் ஒரு மோட்டாரின் தடை 1.33 ஓம். சுவரையோ எதிரணி ரோபோவையோ முட்டித் தள்ளும்போது நான்கும் இணையாக அடைபட்டால் மொத்தத் தடை 0.33 ஓம். பேட்டரிக்கும் வயருக்கும் சேர்த்து உள்தடை 0.12 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 13 வோல்ட் பேட்டரி அப்போது கிட்டத்தட்ட 29 ஆம்பியர் கொடுக்கும், முனையில் 9.6 வோல்ட் நிற்கும். தாங்கிவிடலாம். பழைய பேட்டரியில் உள்தடை 0.25 ஓம் ஆகியிருந்தால் அதே இடத்தில் 7.4 வோல்ட்தான் மிஞ்சும். அந்த நொடியில் தூக்கியின் இரண்டு மோட்டார்களும் கிளம்பினால் 6.1 வோல்ட். இந்த அளவில் ரோபோவின் மூளையான கன்ட்ரோல் ஹப் அணைந்து மறுபடி தொடங்க வாய்ப்பு அதிகம். அது விழித்து, ஓட்டுநரின் கருவியோடு மீண்டும் இணைவதற்குள் ஆட்ட நேரம் நிறையவே கைவிட்டுப் போயிருக்கும். பார்ப்பவர்களுக்கு "புரோகிராம் ஹேங் ஆயிடுச்சு" என்றே தோன்றும். மாணவர்கள் இரவெல்லாம் கோடில் பிழை தேடுவார்கள். பிழை பேட்டரியில் இருக்கும்.

உள்தடையை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டியதில்லை. ஒர்க்‌ஷாப்பில் கிடைக்கும் எச்4 ஹெட்லைட் பல்பு ஒன்றும் மல்டிமீட்டரும் போதும். பல்பின் இரண்டு இழைகளையும் சேர்த்து எரியவிட்டால் சுமார் 9 ஆம்பியர் ஓடும். முழு சார்ஜ் ஏற்றி ஒரு மணி நேரம் ஆறவைத்த பேட்டரியின் வோல்ட்டை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பல்பை 5 நொடி எரியவிட்டு, எரியும்போதே மறுபடி அளவெடுங்கள். 13.0 என்பது 11.9 ஆனால், 1.1-ஐ 9-ஆல் வகுக்க 0.12 ஓம். 10.7-க்கு இறங்கினால் 0.25 ஓம், அந்தப் பேட்டரி இனி மேசைச் சோதனைக்கு மட்டும். பல்பின் கண்ணாடி சில நொடிகளிலேயே கை சுடும் அளவு காயும், தொடக் கூடாது. ஒவ்வொரு பேட்டரியிலும் எண் எழுதி, இந்த அளவைப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

பேட்டரி நன்றாக இருந்தும் ரோபோ நிற்கிறதா? கனெக்டரைப் பாருங்கள். தளர்ந்த அல்லது பச்சை பூத்த கனெக்டர் 0.1 ஓம் தடையைச் சேர்த்தால், 20 ஆம்பியரில் அங்கே மட்டும் 40 வாட் வெப்பம் உண்டாகும். சாதாரண சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். குளச்சல், முட்டம் போன்ற கடலோரப் பள்ளிகளில் உப்புக்காற்று இந்த வேலையை விரைவாகவே செய்யும். ரோபோவை மூடிய பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல்லோடு வைப்பது, இரும்புத் திருகாணிக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு வாங்குவது, கனெக்டரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைப்பது ஆகிய மூன்றும் செலவு குறைந்தவை. ஃபியூஸ் 20 ஆம்பியர்; இருமடங்கு மின்னோட்டத்தில் அது சில நொடிகள்கூடத் தாங்கலாம். ஆகவே ஃபியூஸ் போகவில்லை என்பதால் மின்சாரத்தில் கோளாறு இல்லை என்று முடிவுகட்ட வேண்டாம்.

நின்ற ரோபோவைத் தூக்குவதற்கு முன் ஐந்து நொடி அதைப் பாருங்கள். விளக்கெல்லாம் அணைந்திருந்தால் மின்சாரம். விளக்கு எரிந்தும் எதுவும் அசையவில்லை என்றால் முதல் சந்தேகம் வைஃபை தொடர்பு. ஒரு சக்கரம் மட்டும் சுற்றவில்லை என்றால் அந்த மோட்டாரின் வயர் அல்லது தண்டைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூ. தூக்கிக் குலுக்கிவிட்டால் தளர்ந்த கனெக்டர் தானாகச் சேர்ந்துகொள்ளும், தடயம் போய்விடும்.

வைஃபை விஷயத்தில் ஒன்று. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே. எட்டு ரோபோ, மண்டபம் நிறையப் பெற்றோர், எல்லார் கையிலும் ஹாட்ஸ்பாட் என்றால் நெரிசல்தான். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஹாட்ஸ்பாட்டுகளை அணைக்கச் சொல்லி மைக்கில் அறிவியுங்கள்.

நம் மாவட்டத்துப் பயிற்சி ஆட்டம் மறைத்துவிடும் கோளாறு ஒன்று உண்டு: நிலைமின்சாரம். சக்கரம் ஃபோம் மேல் உரசும்போது ரோபோவின் சட்டத்தில் மின்னூட்டம் சேரும். வேறோர் உலோகத்தைத் தொட்டதும் அது பாய்ந்து சென்சாரையோ யுஎஸ்பி இணைப்பையோ முடக்கும். இரண்டு பருவமழையும் பெய்யும் குமரியில் காற்றின் ஈரம் அந்த மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும், ஒன்றும் தெரியாது. அதே ரோபோ வெளியூரில் ஏசி அரங்கின் வறண்ட காற்றில் ஓடும்போது திடீர் திடீரென நிற்கும். இங்கே நிற்கவில்லை என்பதை நம்பி இருக்காதீர்கள். ஹப்பையும் சட்டத்தையும், விதி அனுமதிக்கும் தடையுள்ள கிரவுண்டிங் வயரால் இணையுங்கள். சாதாரண வயரால் நேரடியாக இணைப்பது விதிமீறல். வெளியே தெரியும் உலோகக் கனெக்டர்களை டேப் சுற்றி மூடுங்கள்.

வெயிலும் சேர்ந்துகொள்ளும். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக் இழையால் அச்சிட்ட மோட்டார் தாங்கி சுமார் 60 டிகிரி செல்சியஸில் இளகத் தொடங்கும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் அந்தச் சூட்டை எட்டிவிட முடியும். தாங்கி சற்று வளைந்தாலும் பல்சக்கரங்கள் சரியாகக் கடிக்காது. மோட்டாரைப் பிடிக்கும் உறுப்புக்கு அலுமினியம் நல்லது. அச்சிட்டே ஆக வேண்டுமென்றால் பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் இழை. மோட்டார் சுருளின் செம்பும் 50 டிகிரி கூடுதல் சூட்டில் 20 சதவீதம் கூடுதல் தடை காட்டும். மூன்றாவது ஆட்டத்தில் தூக்கி மெதுவாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தானாக ஓடும் 30 நொடியில் அடிக்கடி காணும் தவறு, நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிடுவது. மோட்டார் வேகம் ஏறக்குறைய வோல்ட்டுக்கு நேர்விகிதம். 13.5 வோல்ட்டில் 2 மீட்டர் சென்ற ரோபோ 12.3 வோல்ட்டில் 18 சென்டிமீட்டர் குறைவாகவே செல்லும். மோட்டார் எவ்வளவு சுழன்றது என்று எண்ணும் என்கோடரின் எண்ணிக்கையை வைத்து எழுதினால் இந்தப் பிழை பெருமளவு போகும், ஆனால் சக்கரம் வழுக்கினால் என்கோடரும் ஏமாறும். அதனால்தான் தட்டு விரிக்காத மொசைக் தரையில் எடுத்த அளவுகள் களத்தில் பொய்யாகின்றன. கூட்டணித் தோழரின் பாதையும் உங்கள் பாதையும் குறுக்கிடலாம். ஆட்டத்துக்கு முன் தாளில் இரண்டையும் வரைந்து பார்த்து, ஒருவர் 5 நொடி தாமதித்துக் கிளம்பும் தெரிவை புரோகிராமிலேயே வைத்திருங்கள்.

ஆட்டம் தொடங்கும்போது ரோபோ 18 அங்குலக் கனசதுரத்துக்குள் அடங்க வேண்டும். அளவுப் பெட்டியை அலுமினியக் கோணத்தில் செய்யுங்கள். பிளைவுட் மழைக்காலத்தில் உப்பும்.

நடத்தும் கணக்கு இது. 8 அணி, அணிக்கு 5 ஆட்டம், ஓர் ஆட்டத்தில் 4 அணி என்றால் மொத்தம் 10 ஆட்டம். பத்து நிமிடத்துக்கு ஓர் ஆட்டம் வைத்தால் 100 நிமிடத்தில் முடியும். ஒவ்வோர் அணிக்கும் சராசரியாக 20 நிமிடத்துக்கு ஒரு முறை களம். 3000 மில்லியாம்பியர்-மணி பேட்டரி 2 ஆம்பியர் சார்ஜரில் நிறைய ஒன்றரை மணி நேரத்துக்கு மேலாகும், நடுவில் கரண்ட் போனால் இன்னும் கூடும். ஆகவே அணிக்கு மூன்று பேட்டரியாவது முதல் நாளே சார்ஜ் ஏற்றி வர வேண்டும். சூடான பேட்டரியை ஆறவிட்ட பிறகே சார்ஜரில் போடுங்கள்.

ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு வரி எழுத ஒரே மாணவரை நிறுத்துங்கள்: பேட்டரி எண், முன் வோல்ட், பின் வோல்ட், எந்த நொடியில் என்ன நடந்தது. களத்தின் மூலையில் உயரமாக ஒரு போன் முழு ஆட்டத்தையும் படம் எடுக்கட்டும். இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே ஒரே ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது. நட்டுக்கும் சட்டத்துக்கும் குறுக்கே நெயில் பாலிஷால் கோடு போட்டுவைத்தால், மார்த்தாண்டத்திலிருந்து வேனில் குலுங்கி வந்த பிறகு எது தளர்ந்தது என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும். கோடு முறிந்த இடத்தில் மட்டும் அலன் கீயை எடுத்தால் போதும்.