டாரிஃப்: சுங்கவரி

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு 50 சதவீத வரி போட்டதிலிருந்து 'டாரிஃப்' எல்லார் வாயிலும் புழங்குகிறது. இறக்குமதியாகும் பொருளுக்கு ஒரு நாடு தன் எல்லையில் வாங்கும் வரி அது. 'இந்தியா மீது வரி' என்று செய்தியில் படித்தால் நம் அரசு கட்டுவதுபோல் தோன்றும். கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர்தான். திருப்பூர் பனியனுக்கு அடி விழுவது அப்புறம்: வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொல்வார், இல்லையென்றால் ஆர்டரை வங்கதேசத்துக்குத் திருப்பிவிடுவார்.

அரபியில் 'தஃரீஃப்' என்றால் தெரியப்படுத்துதல். மத்தியதரைக் கடல் வணிகத்தில் அது இத்தாலிய 'தரிஃபா'வாகி, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு என்று அறிவிக்கும் பட்டியலே அதன் பழைய பொருள். ஸ்பெயினின் தரிஃபா துறைமுகத்திலிருந்து வந்தது என்பது வெறும் கதை. இந்தியில் பாராட்டைக் குறிக்கும் 'தாரீஃப்' இதன் உடன்பிறப்பு. ஓட்டல் அறைக்கும் மின்சாரத்துக்கும் சொல்லும் டாரிஃப் பழைய பொருளிலேயே நிற்கிறது. அங்கே 'கட்டண விகிதம்' சரி, சுங்கவரி பொருந்தாது.

தமிழுக்கு இது புதுச் சங்கதியே இல்லை. வேந்தனுக்கு உரிய வருவாயில் 'உல்கு பொருளும்', அதாவது சுங்கமாக வரும் பொருளும், ஒன்று என்கிறது குறள் (756). காவிரிப்பூம்பட்டினத்தில் சுங்கம் வாங்குவோர் சரக்கு மூட்டைகளுக்குச் சோழரின் புலிச் சின்னம் பொறித்ததைப் பட்டினப்பாலை காட்டுகிறது. முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். சுங்கம் என்பது பிராகிருத 'சுங்க', வடமொழி 'சுல்க' ஆகியவற்றோடு உறவுள்ள சொல். உல்கையும் இதே குடும்பத்தில் சேர்ப்பார்கள். இலங்கையில் 'இறக்குமதித் தீர்வை' என்பார்கள்; அதுவும் நல்ல சொல். வெறுமனே 'வரி' என்பதுதான் போதாது, வருமான வரியும் வரிதானே.

வளரும் நாட்டுக்குச் சுங்கவரி வருவாய் மட்டுமில்லை, உள்ளூர்த் தொழிலுக்கு வேலியும்கூட. சமையல் எண்ணெயைப் பாருங்கள். நம் தேவையில் பாதிக்கு மேல் இறக்குமதி. 2024 செப்டம்பரில், எண்ணெய்வித்து விவசாயிக்கு விலை கிடைக்கட்டும் என்று கச்சா பாமாயிலின் சுங்கவரியை செஸ் என்னும் கூடுதல் வரியெல்லாம் சேர்த்து 27.5 சதவீதமாக உயர்த்தினார்கள். சுத்திகரித்த எண்ணெய்க்கு 35.75. இடைவெளி வெறும் 8.25 என்பதால் சுத்திகரித்த எண்ணெயே கப்பலேறி வரத் தொடங்கியது. உள்ளூர் ஆலைகளுக்கு வேலை குறைகிறது என்று ஆலைக்காரர்கள் முறையிட்டார்கள். 2025 மே மாத இறுதியில் கச்சாவின் வரி 16.5 ஆக இறங்கியது, சுத்திகரித்ததற்கு மாற்றமில்லை. ஆலைக்கும் எண்ணெய் வாங்கும் குடும்பத்துக்கும் நிம்மதி. கடலையும் கடுகும் விளைவிப்பவருக்கு எட்டு மாதம் இருந்த வேலி தாழ்ந்துபோனது. இங்கே எனக்கு விவசாயியின் பக்கம்தான் நியாயம் தெரிகிறது: விதைக்கும்போது ஒரு வரி, அடுத்த விதைப்புக்கு வேறொரு வரி என்றால் அவர் எதை நம்பி எண்ணெய்வித்துக்கு மாறுவார்?