மலிவாகக் கிடைக்கும் பேரிக்காயை எல்லாம் ஜாம் ஆக்கிவிடாதீர்கள்

மாம்பழ வரத்து குறைந்த கையோடு கிருஷ்ணகிரித் தள்ளுவண்டிகளில் பேரிக்காய் ஏறிவிடும். கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைந்த சரக்கு. மலிவாக இருக்கிறதே என்று நான்கைந்து கிலோ வாங்கிப் போகிறார்கள். முதல் சில நாள் பல் இறங்காது. அப்புறம் எல்லாம் ஒரே சமயத்தில் கனிந்து, இரண்டே நாளில் உள்ளே பழுப்பாகிவிடும். பதறிப்போய் மொத்தத்தையும் ஜாம் கிளறுகிறார்கள்.

உணவு ஆலோசகராக எனக்கு இங்கேதான் சங்கடம். 'வீட்டுல பண்ணது மேடம், பழம்தானே' என்று சர்க்கரை நோய் உள்ளவர்களே சொல்கிறார்கள். ஒரு கிலோ பழக்கூழுக்கு முக்கால் கிலோ சர்க்கரை போட்டு வற்றவைத்தால், கரண்டியில் வருவதில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். அதே பேரிக்காயைத் தோலோடு ஒன்று சாப்பிட்டால் சுமார் 100 கலோரி, ஐந்து கிராமுக்கு மேல் நார்ச்சத்து.

ஆகவே வாங்கி வந்ததும் பிரித்துவிடுங்கள். பேரிக்காய் உள்ளிருந்து வெளியே கனியும். அதனால் வயிற்றுப் பகுதியை அழுத்திப் பார்த்துப் பயனில்லை, காம்படியில் மெல்ல அழுத்துங்கள். அங்கே நெகிழ்ந்தால் அன்றே சாப்பிடலாம், அன்று சாப்பிட முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வைக்கலாம். கெட்டியானதில் நாலைந்தை மட்டும் வாழைப்பழத்தோடு வெளியே வையுங்கள், பழுத்துவிடும். மீதியைக் காய்கறிக் கூடையில் சேருங்கள்.

ஆமாம், காய்தான். நறநறவென்று இருக்கும் நாட்டுப் பேரிக்காய் குழம்பில் கரையாமல் நிற்கும். சின்ன வெங்காயம், பூண்டு வதக்கி, புளி கரைத்து, மிளகாய்த்தூளோடு கொதிக்கும்போது தோல் சீவிய துண்டுகளைப் போடுங்கள். பழத்தில் இனிப்பு இருப்பதால் வெல்லம் வேண்டாம், காரம் மட்டும் அரைக் கரண்டி கூடுதலாக. கேழ்வரகுக் களிக்கு இதைத் தொட்டுச் சாப்பிட்டவர்கள் திரும்பக் கேட்பார்கள். பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்தால் கூட்டு. துருவி, நல்லெண்ணெயில் கடுகு தாளித்து, உப்பு, புளி, மிளகாய்த்தூள், வெந்தயப்பொடியோடு சுருள வதக்கினால் தொக்கு. மாங்காயை விட இதில் புளிப்பு குறைவு என்பதால் அதே நம்பிக்கையில் வெளியே வைக்காதீர்கள். ஃபிரிட்ஜில் வைத்து ஒரு வாரத்துக்குள் முடித்துவிடுங்கள்.

வற்றல் போடலாமா என்று கேட்பார்கள். செப்டம்பரில் நம் பக்கம் மழை பிடித்துவிடும், பாதி காய்ந்த துண்டில் பூஞ்சைதான் வரும். அதற்குப் பதில் துண்டுகளை எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் முக்கி எடுத்து (கறுக்காது), லேசாக ஆவி காட்டி, ஆறியதும் ஃப்ரீசரில் வையுங்கள்.

பூஞ்சை பிடித்த பழத்தை மட்டும் எதற்கும் எடுக்காதீர்கள். அந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதியைக் கூழாக்குவது பல வீடுகளில் வழக்கம். ஆப்பிள், பேரிக்காயில் வரும் சில பூஞ்சைகள் பாட்டுலின் என்ற நச்சை உண்டாக்கும். அது கண்ணுக்குத் தெரியும் கறையைத் தாண்டிப் பரவியிருக்கலாம், கொதிக்கவைத்தாலும் முழுதாகப் போகாது. சிக்கனம் நல்லதுதான், இதில் வேண்டாம்.

ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ஆவியில் வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம், சர்க்கரை வேண்டாம். ஒரு வயது வரை தேனும் கூடாது. பேரிக்காயில் உள்ள சார்பிட்டால் என்ற இனிப்புப் பொருள் மலச்சிக்கலுக்கு உதவும். அதுவே அளவு மீறினால் வயிறு உப்பும், பேதியாகும். வயிற்றுப்போக்கு இருக்கும் பிள்ளைக்கு, வீட்டில் எவ்வளவு மீந்திருந்தாலும் கொடுக்காதீர்கள்.