ஒட்டுப்போர்வை: சொல்லும் துணிக் கணக்கும்

'பேட்ச்வொர்க் குயில்ட்' என்பதை ஒட்டுப்போர்வை என்றால் எவருக்கும் விளங்கும். பல துணிகளின் துண்டுகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துத் தைத்த மேற்பரப்பு, நடுவே பஞ்சு அல்லது பழஞ்சீலை, அடியில் ஒரு முழுத்துணி, மூன்றையும் ஊடுருவிப் பிணைக்கும் தையல் ஆகியவை கூடியதே அது. மெத்தையைக் குறித்த 'குல்கிதா' என்ற இலத்தீன் சொல், பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'குயில்ட்' ஆயிற்று.

ஒட்டு என்ற சொல்லில் எனக்கு ஒரு குறை உண்டு. கிழிசலின் மேல் வேறு துணியை வைத்துத் தைப்பதே ஒட்டுப்போடுதல். கையில் கிடைத்த துணியே அங்கு போதும், தேர்வுக்கு வேலை இல்லை. விளிம்புகளைக் கூட்டித் தைப்பதற்கோ பழந்தமிழில் பொல்லம் என்ற தனிச்சொல்லே இருந்தது. யாழின் தோலுறையைச் சங்கப் பாட்டான பொருநராற்றுப்படை 'பொல்லம் பொத்திய பொதியுறு போர்வை' என்கிறது. அதே பாட்டு, பொருநனின் கந்தலை 'வேற்றிழை நுழைந்த துன்னற் சிதாஅர்', அதாவது வேறு நூல் நுழைத்துத் தைத்த கந்தல், என்று வேறாகச் சொல்கிறது. முன்னது இணைப்பு, பின்னது கிழிசலைச் செப்பனிடுவது. பொல்லம் இன்று வழக்கில் இல்லாததால், எழுத்தில் 'துண்டிணைப் போர்வை' என்பதையே நான் பரிந்துரைப்பேன். துணி என்பதே துணிக்கப்பட்டது, அதாவது வெட்டப்பட்டது என்ற பொருளில் பிறந்த சொல்லாதலால், அதன் அருகே துண்டும் இயல்பாக அமரும்.

இணைப்பு என்றவுடன் எத்தனை துணி என்ற கேள்வி வந்துவிடுகிறது. இரண்டே துணியில், வெளிறியது ஒன்றும் அடர்ந்தது ஒன்றுமாகக் கட்டம் மாற்றித் தைத்தாலும் போர்வை நிறைவாக இருக்கும்; முதன்முதலாகத் தைப்பவருக்கு வெளிறல், நடுத்தரம், அடர்வு என மூன்று துணி போதும் என்பது என் கருத்து. எண்ணிக்கையைவிட இந்த நிற அடர்வின் வேறுபாடே பெரிது. வீட்டிலுள்ள பழஞ்சாரங்களை, அதாவது பழைய லுங்கிகளை, எடுத்துக்கொள்வோம். நீலக் கட்டம், பச்சைக் கட்டம், அரக்குக் கட்டம் என்று ஆறு வகை இருக்கலாம். ஆனால் பலமுறை துவைத்து ஆறும் ஒரே அளவு மங்கியிருந்தால், பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தைத்தபின் பத்தடி தள்ளி நின்று பார்க்கும்போது எல்லாம் ஒரே சாம்பல் பரப்பாகக் கலந்துவிடும். அவற்றுக்கு இடையே பழைய வெள்ளை வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி வைத்தால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியே எழுந்து நிற்கும். தைக்குமுன் துண்டுகளைத் தரையில் பரப்பி, கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தால் எது எதோடு கரைகிறது என்பது தெரிந்துவிடும்.

துணிவகை கூடக்கூட வடிவம் எளிதாக வேண்டும். தையற்கடையில் சேர்ந்த வெட்டுத்துணிகள் இருபது முப்பது வகையாக இருந்தால், ஒரே அளவுச் சதுரங்களும், எங்கும் திரும்பத் திரும்ப வரும் ஒரு பொதுத் துணியுமே அவற்றைக் கட்டிப்போடும். அமெரிக்காவில் ஒரு துணிகூட இரண்டாம் முறை வராதபடி தைக்கும் 'சார்ம் குயில்ட்' என்ற வகையும் உண்டு. அதில் பெரும்பாலும் துண்டுகள் எல்லாம் ஒரே வடிவில்தான் இருக்கும்.

எத்தனை துணி எடுத்தாலும் பருத்தியோடு பருத்தியையே சேர்க்க வேண்டும். புதுத்துணியைத் துவைத்துச் சுருங்கவிட்ட பிறகே வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் முதல் சலவையில் அது மட்டும் சுருங்கி, பக்கத்திலுள்ள பழந்துணியின் தையலை இழுத்துச் சுருக்கிவிடும்.