பள்ளியில் சமர்த்து, வீட்டில் ஏன் வெடிப்பு?

"கிளாஸ்ல ஒரு தொந்தரவும் இல்லைங்க" என்பார் ஆசிரியர். அதே பையன் வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கத்தத் தொடங்குவான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று சொந்தபந்தம் தீர்ப்பு சொல்லும். ஆறாம் வகுப்புக்குப் போன ஆட்டிசக் குழந்தைகளின் பெற்றோர் பலருக்கு இது பழகிய வேதனை.

மின்விசிறிச் சத்தம் கொஞ்ச நேரத்தில் நம் காதில் விழாமல் போகிறது. திரும்பத் திரும்ப வரும் தூண்டலுக்கு மூளை தன் எதிர்வினையைக் குறைத்துக்கொள்கிறது. ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்தத் தணிவு குறைவு. ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி அடங்காமல் விழித்தே இருப்பதை மூளை ஸ்கேன் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. முதல் பீரியடில் உறுத்திய சத்தம் கடைசி பீரியடிலும் அப்படியே உறுத்தும்.

தொடக்கப் பள்ளியில் ஒரே டீச்சர், ஒரே அறை. ஆறாம் வகுப்பிலோ மணிக்கு மணி ஆள் மாறும், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொள்வார். அடுத்து என்ன என்று தெரியாதபோது பதற்றம் ஏறுகிறது. போதாததற்கு, கையை உதறாமல் அடக்குவது, கண்ணைப் பார்த்துப் பேசப் பிரயாசைப்படுவது என்று வித்தியாசம் தெரியாமல் மறைக்கும் உழைப்பு வேறு. பாதுகாப்பான இடம் வந்ததும் அத்தனையும் உடைகிறது. இதைப் பிடிவாதம் என்று சொல்வது அநியாயம்.

அதனால் வந்ததும் "இன்னைக்கு என்ன நடந்துச்சு?" என்று கேட்காதீர்கள். பதில் சொல்வதும் மூளைக்கு வேலைதான். டிவியை அணைத்துவிட்டு, பழகிய பலகாரத்தை வைத்துவிட்டு, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் பள்ளி. "கொஞ்சம் பார்த்துக்கோங்க" என்றால் எந்த ஆசிரியருக்கும் என்ன செய்வதென்று புரியாது. மணி அடிப்பதற்கு இரண்டு நிமிடம் முன்பே அனுப்பினால் வராந்தா நெரிசல் இல்லை. சுவரோரம் இடம், வீட்டுப்பாடத்தை எழுதித் தருவது, டைம்டேபிள் மாறினால் முன்கூட்டியே சொல்வது: இப்படிக் குறிப்பாகக் கேளுங்கள்.

தேர்வு விஷயத்தில் சட்டமே துணை நிற்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிடும் 21 குறைபாடுகளில் ஆட்டிசமும் ஒன்று. கூடுதல் நேரம், விடை எழுத உதவியாளர், இரண்டாம், மூன்றாம் மொழிப் பாடங்களில் விலக்கு ஆகியவற்றை அது குறிப்பிடுகிறது. மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வாங்கும் வேலையைப் பத்தாம் வகுப்புவரை தள்ளிப்போடாமல் எட்டிலேயே தொடங்குங்கள். அறிமுகமில்லாத ஒருவருக்கு விடையை வாயால் சொல்லி எழுதவைப்பது தனித் திறமை. வகுப்புத் தேர்வுகளிலேயே அதற்குப் பழக்கம் வேண்டும்.