லாரியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எடை: பண்ணைச் சரக்கு ஏற்றுபவர்களுக்கு ஒரு விளக்கம்

போன மாதம் நண்பர் ஒருவர் பழைய லாரி ஒன்றை வாங்கினார். சிங்கப்பூரின் லிம் சூ காங், கிராஞ்சி பக்கத்துப் பண்ணைகளுக்கு மண்ணும் உரமும் கொண்டுபோய் இறக்கிவிட்டு, திரும்பும்போது கீரையைப் பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தைக்கு ஏற்றி வருவது அவருடைய திட்டம். "அண்ணே, இந்த லாரி எந்தெந்த ரோட்டுல போகக்கூடாது? ஒரு லிஸ்ட் கொடுங்க" என்று கேட்டார். லிஸ்ட் எழுதுவதற்கு முன்னால் அவரை லாரியின் பக்கவாட்டுக்குக் கூட்டிப்போனேன். கதவுக்குப் பக்கத்தில் மூன்று விவரம் எழுதியிருக்கும்: காலி எடை, எம்எல்டபிள்யூ, எத்தனை பேர் ஏறலாம். எம்எல்டபிள்யூ என்பது வண்டி, சரக்கு, ஆட்கள் எல்லாம் சேர்த்து லாரிக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச எடை. சிங்கப்பூரில் லாரி எந்தத் தடத்தில் ஓட வேண்டும், எவ்வளவு வேகம் போகலாம், இரவில் எங்கே நிற்க வேண்டும் என்பதில் பெரும்பகுதியை இந்த எண்தான் முடிவு செய்கிறது.

முதல் எல்லை 3,500 கிலோ. அதுவரைக்கும் இலகு ரக லாரி. விரைவுச்சாலையில் மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். 3,500 கிலோவைத் தாண்டிவிட்டால் அங்கே 60தான். லாரியின் பின்பக்கம் ஒட்டியிருக்கும் வேக வில்லையைப் பார்த்தாலே எந்த வகை என்று தெரிந்துவிடும். சாலையின் வேக வரம்பு 50 என்றால் எல்லோருக்கும் 50தான், அதில் சலுகை இல்லை.

ஆக, இது வேகத்தோடு மட்டும் நிற்கிற விதி இல்லை. 60க்குள் ஓட வேண்டிய வண்டிகள் விரைவுச்சாலையின் இடது ஓரத் தடத்தில் போக வேண்டும். வலது ஓரத் தடம் நமக்குக் கிடையாது. முன்னால் போகும் சிமெண்டு லாரி 50இல் ஊர்ந்தால் நாமும் பெரும்பாலும் அதன் பின்னால்தான். 20 கிலோமீட்டர் விரைவுச்சாலைத் தூரத்தை 90இல் போகும் கார் 13 நிமிடத்தில் கடக்கும், நமக்கு 20 நிமிடம் ஆகும். ஒரு நாளைக்கு மூன்று முறை போய்த் திரும்பினால் இந்த வித்தியாசம் மட்டுமே 40 நிமிடம். கீரை வாடுவதற்கு அது போதுமான நேரம்.

நகருக்குள் வந்தால் இடது ஓரத்தில் பேருந்துத் தடம் வரும். சாதாரணப் பேருந்துத் தடம் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 7.30 முதல் 9.30 வரை, மாலை 5 முதல் 8 வரை பேருந்துகளுக்கு மட்டும். விரைவுச்சாலையில் இடது ஓரம் என்று பழகிய கை, அந்த நேரத்தில் அதே இடது ஓரத்துக்குப் போகக்கூடாது. புதிய ஓட்டுநர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மஞ்சள் கோட்டோடு சிவப்புக் கோடும் சேர்ந்திருந்தால் அது காலை முதல் இரவு வரை நடப்பில் இருக்கும் தடம். அப்புறம், தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கடைக்குச் சரக்கு இறக்கப் போகிறவர்கள் தரையில் போட்டிருக்கும் மஞ்சள் கோடுகளையும் பார்க்க வேண்டும். இரட்டை வளைகோடு போட்டிருந்தால் ஒரு நிமிடம்கூட நிற்க முடியாது.

இரண்டாவது எல்லை 5,000 கிலோ. கிராமப் பக்கத்து வேலைக்கு எல்லாவற்றையும்விட அதிகமாகக் கடிக்கிற விதி இதுதான் என்பது என் கருத்து. எம்எல்டபிள்யூ 5,000 கிலோவைத் தாண்டிய லாரிக்கு வாகன நிறுத்துமிடச் சான்றிதழ் வேண்டும். அதாவது, இந்த லாரிக்கு நிரந்தரமாக ஒரு கனரக வாகன நிறுத்துமிடம் இருக்கிறது என்பதற்கான ஆதாரம். அது இல்லாமல் சாலை வரியைப் புதுப்பிக்க முடியாது. வேலை முடிந்ததும் குடியிருக்கும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, கார்கள் நிற்கும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தவும் முடியாது.

இதன் விளைவை ஒரு ஓட்டுநரின் நாளை வைத்துப் பாருங்கள். அவருடைய வேலை நியோ தியூ சாலையில் இருக்கும் ஒரு பண்ணையில். லாரிக்கு இடம் கிடைத்திருப்பது தீவின் இன்னொரு மூலையில். வீடு மூன்றாவது மூலையில். விடியலுக்கு முன்னால் எம்ஆர்டி ரயில் ஓடாத நேரத்தில் வீட்டிலிருந்து நிறுத்துமிடத்துக்கு மோட்டார் சைக்கிளில் போகிறார். அங்கிருந்து காலி லாரியைப் பண்ணைக்கு ஓட்டுகிறார். மாலையில் மறுபடியும் காலி லாரியை ஓட்டிக்கொண்டு வருகிறார். காலியாக ஓடும் அந்தத் தூரத்துக்கு யாரும் வாடகை தருவதில்லை, டீசலுக்கு மட்டும் காசு போகிறது. "பண்ணையிலேயே நிறுத்திட்டுப் போயிடலாமே" என்று எல்லோரும் கேட்பார்கள். பண்ணைக்காரர் சரி என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த இடம் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் ஒப்புதல் பெற்ற நிறுத்துமிடமாக இருக்க வேண்டும். அதனால் லாரியை வாங்குவதற்கு முன்பே இடத்தைத் தேடுங்கள். முன்பணம் கட்டிய பிறகு இடம் தேடி அலைகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது.

அப்படியானால் 3,500 கிலோ லாரியே போதுமே என்று தோன்றும். அதற்கு நிறுத்துமிடச் சான்றிதழ் வேண்டாம், வேகமும் கொஞ்சம் கூடுதல். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். காலி எடை 2,000 கிலோ என்றால் மிச்சம் 1,500 கிலோ, அதில் ஓட்டுநரும் உதவியாளரும் உட்கார்ந்த பிறகு 1,350 சொச்சம்தான் சரக்குக்கு. பண்ணைச் சரக்கு தண்ணீர் குடிக்கிற சரக்கு. வெயில் நாளில் ஏற்றிய எரு மூட்டைக்கும் மழையில் நனைந்த அதே மூட்டைக்கும் எடை ஒன்றாக இருக்காது. நான் பார்த்த ஒரு பண்ணையில் மூட்டைகளைத் தார்ப்பாய்க்குக் கீழே, மரப்பலகை மேல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஏற்றுவதற்கு முன் பத்து மூட்டைக்கு ஒரு மூட்டையைத் தராசில் போட்டுப் பார்க்கிறார்கள். அந்தப் பழக்கம் ஒன்றே அவர்களைப் பல அபராதங்களிலிருந்து காப்பாற்றியிருக்கும். மூட்டைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தாலும் எடை கூடியிருந்தால் அது கூடுதல் பாரம்தான்.

ஓட்டுநர் உரிமத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். காலி எடை 2,500 கிலோவைத் தாண்டிய லாரிக்கு மூன்றாம் வகுப்பு உரிமம் போதாது, நான்காம் வகுப்பு எடுத்திருக்க வேண்டும். இங்கே பார்க்க வேண்டியது எம்எல்டபிள்யூவை அல்ல, காலி எடையை.

மூன்றாவது எல்லை 12,000 கிலோ. அதற்கு மேற்பட்ட லாரிகளில் 60க்கு மேல் ஓடவிடாத வேகக் கட்டுப்பாட்டுக் கருவி ஏற்கெனவே கட்டாயம். 3,501 முதல் 12,000 கிலோ வரையிலான லாரிகளுக்கும் அந்த விதி 2024ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் நீட்டிக்கப்பட்டது. லாரியின் எடையையும் பதிவான தேதியையும் பொறுத்துக் கெடு மாறும். உங்கள் லாரிக்கு எப்போது என்பதை நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் இணையத்தளத்தில் பாருங்கள். பழைய லாரி வாங்குகிறவர்கள் கருவி பொருத்தியாயிற்றா என்று கேட்காமல் விலை பேசக்கூடாது.

குறிப்பிட்ட சாலைகளில் நெரிசல் நேரத்தில் தானாகப் பிடிக்கும் மின்னியல் சாலைக் கட்டணத்திலும் இதே எடைதான் பேசுகிறது. 3,500 கிலோ வரை காருக்கு உள்ள கட்டணம். அதற்கு மேல் 16,000 கிலோ வரை ஒன்றரை மடங்கு, அதையும் தாண்டினால் இரண்டு மடங்கு. கார் 2 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டும் இடத்தில் நடுத்தர லாரி 3 வெள்ளி, பெரிய லாரி 4 வெள்ளி. ஞாயிறும் பொது விடுமுறையும் கட்டணம் இல்லை.

எடைக்கு அடுத்தது உயரம். சரக்கோடு சேர்த்து 4.5 மீட்டருக்கு மேல் போனால் அனுமதியும் பாதுகாப்பு வண்டியும் இல்லாமல் சாலையில் இறங்கக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் ஒரு பசுமைக்குடிலுக்கு இரும்புக் குழாய்கள் ஏற்றினோம். குழாய் அடுக்கின் உயரத்தைக் கணக்குப் போட்டோம், 4.4 மீட்டர், சரியாக இருந்தது. கிளம்பும்போது மூத்த ஓட்டுநர் ஒருவர், "தம்பி, முடிச்சை அளந்தியா?" என்று கேட்டார். தார்ப்பாயை இழுத்துக் கட்டிய கயிற்று முடிச்சும் அதற்குக் கீழே மடிந்திருந்த துணியும் மேலே ஒரு சாண் எழும்பி நின்றன. அளவு நாடாவில் 4.6. எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடியும் அடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. அன்றிலிருந்து சரக்கின் உயரத்தைத் தார்ப்பாய் கட்டிய பிறகுதான் அளக்கிறோம். 4.5ஐவிடத் தாழ்வான பாலங்களில் உயரம் எழுதிய பலகை இருக்கும், அதைத் தாண்டிய பிறகு யோசித்துப் பயனில்லை.

பண்ணைக்கு டீசலும் எரிவாயு உருளைகளும் போகும். குறிப்பிட்ட அளவுக்கு மேல் ஏற்றினால் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் உரிமம் வேண்டும், அவர்கள் ஒப்புதல் தந்த பாதையில் மட்டும்தான் போக வேண்டும். அப்படிப்பட்ட சரக்கோடு சுரங்கச் சாலைகளுக்குள் நுழையக்கூடாது. குறுக்கு வழி என்று பேச்சுக்கே இடமில்லாத ஒரே விதி இது.

லாரியின் பின்னால் ஆட்களை ஏற்றுகிறீர்கள் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒருவருக்கு 8 சதுர அடி இடம், மேலே கூரை, பக்கத்தில் தடுப்புக் கம்பி. 2023ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் மழைத் திரையும், பயணத்தைக் கவனித்துக்கொள்ள ஆட்களில் ஒருவரைத் துணையாக நியமிப்பதும் கட்டாயம். பக்கவாட்டில் எழுதியிருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை ஒருபோதும் தாண்டாதீர்கள். அங்கே உட்காருகிறவர்கள் நம் ஊரிலிருந்து வந்த பிள்ளைகள், சாயங்காலம் அம்மாவுக்குப் போன் பேச வேண்டியவர்கள்.

கிராமப் பக்கத்துக்கே உரிய இன்னொன்று, வேறு வழியில்லாத சாலை. 2016இல் ஆகாயப் படைப் பயிற்சிக்காக லிம் சூ காங் சாலையை மூடி, 2,500 மீட்டர் நீளமும் 24 மீட்டர் அகலமும் கொண்ட ஓடுபாதையாக மாற்றினார்கள். நகரில் ஒரு சாலை மூடினால் அடுத்த தெரு இருக்கும். பண்ணைப் பக்கம் ஒரு சாலை மூடினால் ஊரைச் சுற்றித்தான் போக வேண்டும். சாலை மூடல் அறிவிப்பு வந்தால் அன்றைக்கே பண்ணைக்காரரிடம் பேசி, ஏற்றும் நேரத்தை முன்கூட்டியே மாற்றிக்கொள்ளுங்கள்.

கடைசியாக விலை பேசும் விஷயம். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று பேசினால் இத்தனை விதிகளின் செலவும் உங்கள் தலையில்தான் விழும். நண்பருக்கு நான் எழுதிக் கொடுத்த விலைப்பட்டியலில் நான்கு வரி இருந்தது: சரக்கோடு ஓடும் நேரம், நிறுத்துமிடத்துக்குக் காலியாக ஓடும் தூரம், சாலைக் கட்டணம், ஏற்றி இறக்கக் காத்திருக்கும் நேரம். இரண்டாவது வரியைப் பார்த்துப் பண்ணைக்காரர் முதலில் முகம் சுளித்தார். லாரி எங்கே நிற்கிறது என்று கேட்டார். நண்பர் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, காலியாக வரும்போது அந்தப் பக்கத்திலிருந்து தன்னுடைய விதைத் தட்டுகளை எடுத்துவர முடியுமா என்று கேட்டார். இப்போது அந்தக் காலை ஓட்டம் காலியாகப் போவதில்லை.